ஜன்னல் கண்ணாடிக்கு பிரைவசி: பகலில் மறைப்பது இரவிலும் மறைக்குமா?

செகண்ட் இயர் முடிஞ்சதும் நம்மில் பாதி பேர் ஹாஸ்டலை விட்டுட்டு வெளியில வீடு தேட ஆரம்பிச்சிடுவோம். வீடு பார்க்கப் போகும்போது என்னவெல்லாம் கேட்கிறோம்? தண்ணி எத்தனை மணி நேரம் வரும், கரண்ட் பில் தனியா, பைக் நிறுத்த இடம் இருக்கா, அட்வான்ஸ் எவ்வளவு. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கறதே இல்லை. ராத்திரி லைட்டைப் போட்டா, ரோட்டுல நிக்கிறவங்களுக்கு உள்ளே எவ்வளவு தெரியும்?

கேட்கத் தோணாததுக்கு ஒரு காரணம் இருக்கு. வீடு பார்க்கப் போறது எப்பவும் பகல்ல. பகல்ல வெளியே நின்னு பார்த்தா சாதாரண ஜன்னல் கண்ணாடிகூட கறுப்பாத்தான் தெரியும். "உள்ளே ஒண்ணும் தெரியலையே" என்று நாமும் திருப்தியா அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடறோம். கொஞ்சம் ஜாக்கிரதையானவங்க ஆன்லைன்ல "ஒன்-வே மிரர் ஃபிலிம்" வாங்கி ஒட்டறாங்க. அதையும் பகல்ல ஒட்டி, பகல்லயே வெளியே போய்ப் பார்த்து, சூப்பர் என்று முடிச்சிடறாங்க.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம்தான். கண்ணாடி வழியா யார் யாரைப் பார்க்கலாம் என்பதைக் கண்ணாடி மட்டும் தனியா முடிவு பண்றதில்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம் என்பதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. இது புரிஞ்சா, எந்த ஸ்டிக்கர் வேணும், எங்கே ஒட்டணும், எதுக்குக் காசை வீணாக்க வேண்டாம் எல்லாம் தானா தெளிவாயிடும். தேவையான ஃபிசிக்ஸ் ஃபர்ஸ்ட் இயர் அளவுதான், பயப்படாதீங்க.

ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி உண்டா?

கிடையாது. சினிமாவுல போலீஸ் விசாரணை அறையில ஒரு பெரிய கண்ணாடி வரும். உள்ளே இருக்கிற கைதிக்கு அதில் தன் முகம் தெரியும். பின்னாடி இருக்கிற அதிகாரிகளுக்கு கைதி தெரிவான். அந்தக் கண்ணாடியில மேஜிக் எதுவும் இல்லை. அதன் மேலே மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், விழுற வெளிச்சத்துல ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், ஒரு பங்கை உள்ளே விடும். உள்ளே விடும் அளவு ரெண்டு திசையிலும் ஒண்ணுதான். அதிகாரிகள் இருக்கிற அறையை இருட்டா வெச்சிருக்காங்க, கைதி இருக்கிற அறையில நல்லா லைட் போட்டிருக்காங்க. விஷயம் அவ்வளவுதான். அதிகாரிகள் அறையில யாராவது டியூப்லைட்டைப் போட்டா கைதி அவங்களைப் பார்த்துடலாம்.

ஜெய்ப்பூர் ஹவா மஹாலும் இதே விதியிலதான் வேலை செய்யுது. 1799-ல் கட்டின அந்த மாளிகையில 953 சின்ன ஜன்னல்கள். அரண்மனைப் பெண்கள் உள்ளே நின்னு தெருவைப் பார்ப்பாங்க, தெருவுல இருந்து அவங்களைப் பார்க்க முடியாது. உள்ளே நிழல், வெளியே ராஜஸ்தான் வெயில். ஓட்டைகள் சின்னதா இருக்கறதால உள்ளே வெளிச்சம் குறைவு, பார்க்கிறவனோட கண்ணு வெளிச்சமான சுவரிலேயே நின்னுடும். அங்கேயும் ராத்திரி உள்ளே விளக்கேத்தினா கதை மாறிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வெளியே நிக்கிற ஒருத்தர் உங்க ஜன்னலைப் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு ரெண்டு விதமான வெளிச்சம் வருது. ஒண்ணு, வெளிக்காட்சி கண்ணாடியில பட்டுத் திரும்பி வர்றது. இன்னொண்ணு, அறைக்குள்ளே இருந்து கண்ணாடியைத் தாண்டி வர்றது. முதலாவது ரொம்ப அதிகமா இருந்தா அவருக்கு உள்ளே தெரியாது. ரெண்டாவது அதிகமா இருந்தா தெரியும்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி சுமார் 8 சதவீதம் பிரதிபலிக்கும் (ஒவ்வொரு பரப்புக்கும் 4 சதவீதம்), சுமார் 90 சதவீதம் உள்ளே விடும். மிரர் ஃபிலிமுக்கு உதாரணமா 50 சதவீதம் பிரதிபலிப்பு, 15 சதவீதம் ஊடுருவல் என்று வெச்சுப்போம். மீதியை அது உறிஞ்சிடும். பகல்ல நிழலான தெருவுல 10,000 லக்ஸ், அறைக்குள்ளே 200 லக்ஸ். ராத்திரி தெருவிளக்குல 10 லக்ஸ், அறைக்குள்ளே டியூப்லைட்டுல 150 லக்ஸ். ரெண்டு பக்கமும் பொருட்கள் ஒரே மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும் என்று வெச்சுக்கிட்டா:

பகல், மிரர் ஃபிலிம், வெளியிலிருந்து: பிரதிபலிப்பு 0.50 × 10,000 = 5,000. உள்ளிருந்து வர்றது 0.15 × 200 = 30. அதாவது 5,000-க்கு 30. உள்ளே எதுவுமே தெரியாது.

பகல், சாதாரண கண்ணாடி, வெளியிலிருந்து: பிரதிபலிப்பு 0.08 × 10,000 = 800. உள்ளிருந்து 0.90 × 200 = 180. கொஞ்சம் தெரியும், உத்துப் பார்க்கணும். வீடு பார்க்கப் போனப்ப ஜன்னல் கறுப்பா தெரிஞ்சது இதனாலதான்.

ராத்திரி, மிரர் ஃபிலிம், வெளியிலிருந்து: பிரதிபலிப்பு 0.50 × 10 = 5. உள்ளிருந்து 0.15 × 150 = 22.5. உள்ளே இருக்கிறது நாலரை மடங்கு பிரகாசமா தெரியுது!

இப்போ முக்கியமான கணக்கு. அதே ராத்திரி, அதே ஃபிலிம், ஆனா நீங்க உள்ளே இருந்து பார்க்கிறீங்க. வெளியிலிருந்து வர்றது 0.15 × 10 = 1.5. உங்க அறையோட பிரதிபலிப்பு 0.50 × 150 = 75. உங்களுக்கு வெளியே எதுவும் தெரியாது, உங்க முகம்தான் தெரியும்.

இந்தக் கடைசி ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ராத்திரியில உள்ளே இருக்கிறவங்களுக்கு ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கு. "நமக்கே வெளியே தெரியலை, அவங்களுக்கு எப்படி உள்ளே தெரியும்" என்று நிம்மதியா இருக்காங்க. வெளியே இருக்கிறவங்களுக்கோ அது டிவி மாதிரி ஓடிக்கிட்டிருக்கு. சாதாரண கண்ணாடி போட்ட வீட்டுல இருக்கிறவங்களாவது சந்தேகப்பட்டு திரையை இழுத்துவிடுவாங்க. ஃபிலிம் ஒட்டினவங்கதான் நம்பி ஏமாறுவாங்க.

எப்போ கட்சி மாறுது?

ஃபிலிம் பாக்கெட்டுல பிரதிபலிப்பு எத்தனை சதவீதம், ஊடுருவல் எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தா, முதலாவதை ரெண்டாவதால வகுத்துடுங்க. நம்ம உதாரணத்துல 50 ÷ 15 = 3.3. அறைக்குள்ளே வெளிச்சம், வெளியே இருக்கிறதைவிட 3.3 மடங்கு ஆகும்போது ரெண்டும் சமம். அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ளே நிழல் மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும்.

தெளிவான வானத்துல சூரியன் மறையுற நேரத்துல வெளியே சுமார் 400 லக்ஸ் இருக்கும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கறதால அந்தி ரொம்பச் சீக்கிரம் முடிஞ்சிடும். அரை மணி நேரத்துக்குள்ளே 10 லக்ஸுக்கும் கீழே போயிடும். அதாவது காலேஜ் முடிஞ்சு வந்து, குளிச்சு, டிரெஸ் மாத்துற அதே நேரத்துலதான் ஃபிலிம் கட்சி மாறுது.

ஃபோன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு நீங்களே அளந்து பார்க்கலாம். ஃபோனோட லைட் சென்சார் லேப் கருவி அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனா விகிதம் பார்க்க அது போதும். ஃபிலிமை வாங்கும் முன்னாடி ஒரு துண்டு சாம்பிள் கிடைச்சா, சென்சார் மேலே வெச்சு ஒரு ரீடிங், வெக்காம ஒரு ரீடிங் எடுங்க. முதலாவதை ரெண்டாவதால வகுத்தா ஊடுருவல் வந்துடும்.

மிரர் ஃபிலிம் வேஸ்ட் என்று சொல்ல வரலை. பகல் வெக்கையைக் குறைக்கும், கண் கூச்சத்தைக் குறைக்கும், பகல்ல பிரைவசி தரும். ராத்திரிக்கு வேற ஏற்பாடு வேணும், அவ்வளவுதான்.

சிதறடிச்சு மறைக்கிறது: ஃப்ராஸ்டட், பின்ஹெட்

ராத்திரியும் பகலும் வேலை செய்யற வழி, வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. நம்ம ஊர் பழைய வீடுகள்ல பாத்ரூம் வென்டிலேட்டர்ல புள்ளி புள்ளியா இருக்குமே, அந்த பின்ஹெட் கண்ணாடி. அப்புறம் ஆபீஸ் கேபின்கள்ல வெள்ளையா இருக்கிற ஃப்ராஸ்டட் கண்ணாடி. இப்போ ஸ்டிக்கராவும் ரோல் ரோலா கிடைக்குது. இதில் வெளிச்சம் உள்ளே வரும், உருவம் கலைஞ்சிடும். எந்தப் பக்கம் லைட் இருந்தாலும் முகம் தெரியாது.

ஆனா இதிலும் மூணு ஓட்டை இருக்கு.

முதலாவது, தூரம். ஃப்ராஸ்டட் பரப்பு ஒவ்வொரு கதிரையும் ஒரு கோணத்துக்குப் பரப்பிவிடுது. அந்தக் கோணம் ரெண்டு பக்கமும் 15 டிகிரி என்று வெச்சா, கண்ணாடியிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கிற ஒரு புள்ளி சுமார் 54 செ.மீ. அகலத்துக்குக் கலைஞ்சிடும். ஆளா அலமாரியா என்றே தெரியாது. அதே புள்ளி 5 செ.மீ. தூரத்துல இருந்தா 2.7 செ.மீ. தான் கலையும். கை, தோள், உடம்போட வடிவம் எல்லாம் தெளிவா தெரியும். அதனால பாத்ரூம்ல ஷவர் ஜன்னலை ஒட்டி இருந்தா ஃப்ராஸ்டட் மட்டும் போதாது.

ரெண்டாவது, தண்ணி. சொரசொரப்பா அரைச்ச கண்ணாடி சிதறடிக்கிறதுக்குக் காரணம், கண்ணாடிக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணுல இருக்கிற வித்தியாசம் (1.5-க்கு 1). அந்தச் சொரசொரப்புல தண்ணி நின்னா வித்தியாசம் 1.5-க்கு 1.33 ஆகக் குறைஞ்சிடும், கண்ணாடி ஓரளவு தெளிவாயிடும். அதனால குளியலறைக் கதவுல அந்த மாதிரிக் கண்ணாடி போட்டா சொரசொரப்பான பக்கம் தண்ணி தெறிக்காத பக்கமா இருக்கணும்.

மூணாவது, டேப். அதே சொரசொரப்பான பக்கத்துல ஒரு துண்டு செலோடேப்பை அழுத்தி ஒட்டிப் பாருங்க. டேப்போட பசை பள்ளங்களை நிரப்பிடும். பசையோட ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு ரொம்பப் பக்கம். டேப் ஒட்டின இடம் மட்டும் ஜன்னல் மாதிரி தெளிவாயிடும். ஆகவே வெளி ஆட்கள் தொடக்கூடிய உயரத்துல சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கக் கூடாது. கதவுல ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் டேப் என்று ரெண்டு பிரச்சினையும் சேர்ந்து வந்தா, ஃப்ராஸ்டட் ஸ்டிக்கரை உள்பக்கம் ஒட்டறது நல்லது. நிறைய ஸ்டிக்கர்கள்ல சிதறடிக்கிற வேலை பிளாஸ்டிக்கோட உள்ளேயே நடக்கும், ஈரமானாலும் பெருசா மாறாது. வாங்கினதும் ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

ஜன்னல் முழுசும் ஒட்டணுமா?

தேவையில்லை. முழுசும் ஒட்டினா வானமும் போச்சு. எட்டாம் வகுப்பு வடிவொத்த முக்கோணத்தை வெச்சு எவ்வளவு போதும் என்று கண்டுபிடிக்கலாம்.

தரைத்தள வீடு என்று வெச்சுப்போம். வீட்டுத் தளம் ரோட்டைவிட 60 செ.மீ. உயரம். ஜன்னல் தளத்திலிருந்து 90 செ.மீ.-ல ஆரம்பிச்சு 210 வரைக்கும் இருக்கு. ரோட்டுல ஜன்னலுக்கு 3 மீட்டர் தள்ளி ஒருத்தர் நிக்கிறார், கண் உயரம் 160 செ.மீ. உள்ளே ஜன்னலிலிருந்து 2 மீட்டர் தள்ளி 170 செ.மீ. உயரமான ஒருத்தர் நிக்கிறார். அவர் தலை உச்சி ரோட்டிலிருந்து 60 + 170 = 230 செ.மீ.

பார்க்கிறவர் கண்ணிலிருந்து அந்தத் தலைக்கு ஒரு கோடு போடுங்க. மொத்தம் 5 மீட்டர்ல 70 செ.மீ. ஏறுது. ஜன்னல் இருக்கிற 3-வது மீட்டர்ல 42 செ.மீ. ஏறியிருக்கும். ரோட்டிலிருந்து 202, அதாவது தளத்திலிருந்து 142 செ.மீ. ஜன்னலோட கீழ்விளிம்பிலிருந்து 52 செ.மீ. ஒட்டினா அவர் தலைகூடத் தெரியாது. அவர் ஜன்னலுக்கு 30 செ.மீ. பக்கத்துல வந்து நின்னா இதே கணக்குல 74 செ.மீ. வேணும். ஆகவே ரெண்டரை அடி ஒட்டினா போதும். மேலே ஒண்ணரை அடி சும்மா விட்டுடலாம், வெளிச்சமும் வானமும் அது வழியா வரும்.

இந்தக் கணக்கு ரோட்டுல நிக்கிறவருக்கு மட்டும்தான் சரி. அவரும் இன்னும் தள்ளிப் போகப் போக தேவையான உயரம் கூடும், உங்க தெரு அகலத்தைப் போட்டு நீங்களே கணக்குப் பண்ணிக்குங்க. எதிர்ல மாடி வீடு இருந்தா கோடு மேலிருந்து கீழே வரும், அப்போ நீங்க சும்மா விட்ட மேல்பாகம்தான் ஓட்டை. அதனால முதல்ல யார் எங்கிருந்து பார்க்க முடியும் என்று வெளியே போய் நின்னு பாருங்க.

லூவர் வென்டிலேட்டருக்கும் இதே மாதிரி. பட்டைகள் வெளிப்பக்கம் தாழ்ந்து இருந்தா மழைத்தண்ணி உள்ளே வராது, எதிர் மாடியிலிருந்து பார்க்கிற பார்வையும் அடிபடும். கீழே நின்னு அண்ணாந்து பார்க்கிறவருக்கு உங்க சீலிங்தான் தெரியும்.

செலவே இல்லாத வழி: லைட்டை இடம் மாத்துங்க

திரையோ ஃப்ராஸ்டடோ போட்ட ஜன்னல்ல ராத்திரி நிழல் தெரியறதுக்குக் காரணம், லைட் உங்களுக்குப் பின்னாடி இருக்கிறது. லைட், அப்புறம் நீங்க, அப்புறம் ஜன்னல் என்ற வரிசையில இருந்தா உங்க நிழல் நேரா திரையில விழும். நிழல்கூத்து மாதிரி. டியூப்லைட்டை ஜன்னல் இருக்கிற அதே சுவருல, ஜன்னலுக்கு மேலே மாத்திட்டா உங்க நிழல் எதிர்ச் சுவருல விழும். வாடகை வீட்டுல ஃபிட்டிங்கை மாத்த முடியலைன்னா ஒரு டேபிள் லேம்ப்பை ஜன்னல் பக்கம் வெச்சு, டிரெஸ் மாத்தும்போது அதை மட்டும் போட்டுக்கலாம். ஒண்ணு கவனம்: ஜன்னல்ல மறைப்பு எதுவுமே இல்லாம, வெறும் கண்ணாடியா இருந்தா இது உதவாது. நீங்க இன்னும் பளிச்சுனு தெரிவீங்க.

திரைச்சீலை

வலை மாதிரி மெல்லிய திரை அழகா இருக்கும், பகல்ல நல்லா மறைக்கும். அது துணியில செஞ்ச ஹவா மஹால், ராத்திரி கைவிட்டுடும். ஆகவே ரெண்டு அடுக்கு: உள்ளே கெட்டித் துணி, வெளியே மெல்லிசு. கெட்டித் துணி என்றால் விலை அதிகமானதுதான் வேணும் என்றில்லை. கடையில துணியை ஒத்தையா பிடிச்சு அதுக்குப் பின்னாடி ஃபோன் டார்ச்சை அடிங்க. விரல் நிழல் இந்தப் பக்கம் தெரிஞ்சா அந்தத் துணி வேண்டாம். அம்மா கொடுத்துவிட்ட பழைய பெட்ஷீட்டை ரெண்டா மடிச்சுப் போட்டா பல ரெடிமேட் ஸ்க்ரீனைவிட நல்லா மறைக்கும். ஓரங்கள்ல இடைவெளி விழாம இருக்க, ஜன்னலைவிட ரெண்டு பக்கமும் அரை அடி கூடுதலா துணி இருக்கட்டும்.

ஸ்டிக்கர் ஒட்டறது எப்படி

வாடகை வீட்டுக்கு, பசை இல்லாம ஒட்டிக்கிற ஸ்டாட்டிக் ஃபிலிம் வாங்குங்க. வீட்டைக் காலி பண்ணும்போது உரிச்சு எடுத்துட்டுப் போயிடலாம், அட்வான்ஸ்ல கை வைக்க ஹவுஸ் ஓனருக்குக் காரணம் கிடைக்காது. இது வழவழப்பான பரப்புல மட்டும்தான் நிக்கும், பின்ஹெட்டோட புள்ளிப் பக்கத்துல நிக்காது.

1. கண்ணாடியை சோப்புத் தண்ணி போட்டுத் துடைங்க. பழைய பெயின்ட் துளிகளைப் பிளேடால சுரண்டி எடுங்க. ஒரு மணல் துகள் இருந்தாலும் அங்கே குமிழி வரும்.
2. அளவை விட ரெண்டு செ.மீ. பெருசா வெட்டிக்குங்க.
3. அரை லிட்டர் தண்ணியில ரெண்டு சொட்டு ஷாம்பூ கலந்து ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி, கண்ணாடி சொட்டச் சொட்ட அடிங்க. தண்ணி இருந்தாத்தான் ஃபிலிமை நகர்த்தி சரி பண்ண முடியும்.
4. பின்பக்கத் தாளை உரிச்சு, மேல் ஓரத்திலிருந்து கீழே படியவிடுங்க.
5. பழைய ஏடிஎம் கார்டுல பனியன் துணியைச் சுத்தி, நடுவுலிருந்து ஓரத்துக்குத் தண்ணியைத் தள்ளுங்க.
6. ஓரத்துல 2 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்க. ஃப்ரேம் ரப்பர்ல முட்டினா ஓரம் தூக்கிக்கும்.
7. மிச்சமிருக்கிற சின்னக் குமிழியை ஊசியால குத்தி அழுத்திடுங்க.

ஃபேனை நிறுத்திட்டு ஒட்டுங்க, ரெண்டு பேர் இருந்தா சுலபம். பசை உள்ள ஃபிலிமை எடுக்கணும்னா ஹேர் டிரையரால சூடாக்கி மெதுவா உரிங்க. மிச்சப் பசைக்கு தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைச்சா வந்துடும்.

கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டறவங்களுக்கு

வெயில் நேரா விழற ஜன்னல்ல கறுப்பு சார்ட்டோ அடர்த்தியான ஃபிலிமோ ஒட்டாதீங்க. கறுப்பு வெயிலை உறிஞ்சி கண்ணாடியோட நடுப்பகுதியைச் சூடாக்கும். ஓரம் ஃப்ரேமுக்குள்ளே ஒளிஞ்சிருக்கறதால குளிர்ச்சியா இருக்கும். நடு விரியப் பார்க்கும், ஓரம் விடாது. ஓரத்துல வர்ற இழுவிசையை நம்ம மெட்டீரியல்ஸ் சூத்திரத்துலேயே போடலாம்: யங் குணகம் × விரிவுக் குணகம் × வெப்ப வித்தியாசம். 70 × 10⁹ × 9 × 10⁻⁶ × 40 = சுமார் 25 மெகா பாஸ்கல். ஓரத்துல ஏற்கெனவே சின்ன சிப் இருக்கிற சாதாரண கண்ணாடிக்கு அது போதும், விரிசல் விட்டுடும். டஃபன்டு கண்ணாடி இதைத் தாங்கும், அதன் பரப்பு ஏற்கெனவே அமுக்கத்துல இருக்கு. மூலையில கம்பெனி முத்திரை இருக்கா என்று பாருங்க. இல்லைன்னா வெள்ளை ஃப்ராஸ்டட்தான் பாதுகாப்பு, அது வெயிலைக் குறைவாத்தான் உறிஞ்சும்.

கண்ணாடிக் கதவுகள்

பால்கனி ஸ்லைடிங் கதவு இருக்கிற வீட்டுல கண் உயரத்துல ஒரு ஃப்ராஸ்டட் பட்டையாவது ஒட்டுங்க. கதவு திறந்திருக்கு என்று நினைச்சு வேகமா வந்து மோதுறது குறையும், குழந்தைகளும் வயசானவங்களும் இருக்கிற வீட்டுல இது அவசியம். முன்வாசல்ல கண்ணாடி இருந்தா, வெளியே இருக்கிற லைட்டை எரியவிட்டு உள்ளே ஹால் லைட்டைக் குறைச்சுப் பாருங்க. வந்தவர் யாருன்னு உங்களுக்குத் தெரியும், நீங்க இருக்கிறது அவருக்குத் தெரியாது. விசாரணை அறை ஃபிசிக்ஸ் இப்போ நம்ம பக்கம்.

ஸ்விட்ச் போட்டா மாறுற ஸ்மார்ட் கிளாஸ் பத்தி ஒரு வரி. பாலிமருக்குள்ளே திரவப் படிகத் துளிகள் இருக்கும். மின்சாரம் கொடுத்தா துளிகள் ஒரே திசையில நின்னு கண்ணாடி தெளிவாகும், நிறுத்தினா கலைஞ்சு பால் மாதிரி ஆயிடும். கரண்ட் போனாலும் பிரைவசி போகாது. விலைதான் நம்ம பட்ஜெட்டுக்குள்ளே வராது.

எட்டிப் பார்க்கிறவன் பக்கம்தான் தப்பு

இவ்வளவு சொன்னதால, திரை போடாதவங்க மேலதான் தப்பு என்று யாரும் நினைச்சிடாதீங்க. ஒரு பெண் தனிமையை எதிர்பார்க்கிற இடத்துல இருக்கும்போது அவளை ஒளிஞ்சு பார்க்கிறதோ படம் எடுக்கிறதோ குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவுப்படி முதல் முறை 1 முதல் 3 வருஷம், மறுபடியும் பண்ணினா 3 முதல் 7 வருஷம் வரை சிறை. 2013-லயே ஐபிசி-யில 354-சி என்று இது வந்தாச்சு. அந்தரங்க உறுப்புகளைச் சம்மதம் இல்லாம படம் எடுத்தா, ஆணோ பெண்ணோ யாரா இருந்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பாயும். ஜன்னலுக்கு வெளியே யாராவது நிக்கிறது தெரிஞ்சா 112-க்கோ, பெண்கள் உதவி எண் 181-க்கோ கூப்பிடுங்க. "நாமதான் ஸ்க்ரீன் போடலையே" என்று சும்மா இருந்துடாதீங்க. ரூம்மேட் சொன்னா அவளையோ அவனையோ குறுக்குக் கேள்வி கேட்காதீங்க.

இன்னைக்கு ராத்திரி ஹோம்வொர்க்

ஏழரை மணிக்கு மேலே பண்ணுங்க. பத்து நிமிஷம் போதும்.

- ரூம்ல எல்லா லைட்டையும் போடுங்க. ரூம்மேட் ஒருத்தர் உள்ளே சாதாரணமா நடமாடட்டும்.
- நீங்க ரோட்டுக்குப் போங்க. ஜன்னலுக்கு நேரா, கொஞ்சம் சாய்வா, எதிர்ப்பக்க பிளாட்பாரத்துல, மூணு இடத்துல நின்னு பாருங்க. முடிஞ்சா மொட்டை மாடியிலிருந்தும்.
- என்ன தெரியுது? முகமா, உருவமா, நிழல் மட்டுமா?
- ரூம்மேட்டை ஜன்னலுக்குப் பக்கத்துல வரச் சொல்லிப் பாருங்க. அப்புறம் லைட்டை இடம் மாத்திப் பாருங்க.
- பாத்ரூம் வென்டிலேட்டருக்கும் இதே மாதிரி பாருங்க. இதை விட்டுடாதீங்க.

முகம் தெரிஞ்சா இன்னைக்கே பெட்ஷீட்டைக் கட்டுங்க, சனிக்கிழமை ஃப்ராஸ்டட் வாங்கலாம். நிழல் தெரிஞ்சா லைட்டை மாத்துங்க. ஒண்ணும் தெரியலைன்னா நிம்மதியா தூங்குங்க. அடுத்த தடவை வீடு பார்க்கப் போகும்போது, ஓனர்கிட்ட "சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒரு தடவை வந்து பார்க்கலாமா சார்?" என்று கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க.